களிம்பு பின்பக்கம் மட்டும்தானா?

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அலுவலகத்தில் ஆண்டு முடிவுக் கணக்கு, மூச்சுவிட நேரமில்லை. அதனால்தான் கார்டு.

அண்ணன் போனில் பேசுவது புரியவில்லை என்பதால் உங்களிடம் கேட்கிறேன். களிம்பு எப்படி இருக்கிறது? பின்பக்கம் மட்டும்தானா, முன்பக்கமும் உண்டா? பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறதா? தேய்க்க வேண்டாம். ஈரத்துணி படவே கூடாது. கொஞ்சம் காற்றாட வையுங்கள். எனக்கு எப்போதும் இதே நினைப்புதான். விவரமாக உடனே எழுதவும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

உங்கள் கார்டு வந்தது. அவர் பக்கவாதத்தில் விழுந்த இந்த எட்டு மாதத்தில், ஒரு மனுஷர் கையால் எழுதி இந்த வீட்டுக்கு வந்த தபால் இது ஒன்றுதான். நான் அஞ்சாவதோடு நின்றவள், உங்களுக்குத் தெரியும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

களிம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடப் பிறந்தவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே "எப்படி இருக்கார்" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். முதுகைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது.

புண் பின்பக்கம் மட்டும்தான். முன்பக்கம் இல்லை. இடுப்புக்குக் கீழே ஒன்று, உள்ளங்கை அகலம். வலது குதிகாலில் ஒன்று, சின்னது. இடுப்பில் இருப்பது குழி விழுந்துவிட்டது. வேலைக்குப் போகுமுன் ஒருதடவை, மத்தியானம் லேப்பிலிருந்து ஓடிவந்து ஒருதடவை, படுக்கும் முன் ஒருதடவை களிம்பு போடுகிறேன். வெள்ளைக் களிம்பு, பிசுபிசுப்புத்தான். நீங்கள் சொன்னது போலவே தேய்ப்பதில்லை, பஞ்சால் ஒற்றித்தான் எடுக்கிறேன். ஈரத்துணி விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. இனிமேல் படவிடமாட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் போட வேண்டும். நான் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து புரட்டிவிட்டுப் போகிறாள். காற்றாட வைக்கச் சொன்னீர்களே, கட்டிலை அன்றைக்கே ஜன்னல் ஓரம் நகர்த்திவிட்டேன்.

கார்டை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார், தம்பி. வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் சிரிப்பு சிரிப்புத்தானே. விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தார். இன்னொருதடவை படி என்று கையைக் காட்டினார். படித்தேன். மறுபடியும் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒரு கார்டுக்கே இப்படி என்றால் நேரில் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் போலிருக்கிறது. ரயிலில் ஒரு பகல்தானே. ஒன்பது வருஷமாயிற்று நீங்கள் வந்து. வாசலில் ஆட்டோ நின்றால் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். அவருக்கு இப்போது தெளிவாக வருகிற வார்த்தை நாலைந்துதான். அதில் ஒன்று "தம்பி".

வருவீர்கள் என்று நம்பும்,
அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு சிறு குழப்பம் நேர்ந்துவிட்டது. நான் கேட்டது அண்ணனின் நாணய ஆல்பத்தைப் பற்றி. செம்புக் காசுகளின் மேல் நாளடைவில் படியும் பச்சைக்குக் களிம்பு என்று பெயர். மருந்துக் களிம்பு வேறு, இது வேறு. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் மேல் தவறு சொல்லமாட்டேன். காசுகள் பச்சை பூத்திருப்பதாக அண்ணன் விழுவதற்கு முன் போனில் சொல்லியிருந்தார். அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

அண்ணனின் உடம்பு பற்றிய விவரங்களுக்கு நன்றி. டாக்டர் சொல்படி செய்யவும்.

ஆல்பத்தை நீங்கள் திறக்க வேண்டாம். சமையலறைச் செம்பைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடுவீர்களோ என்பதுதான் என் பயம். பழைய செம்பின் மேலுள்ள பழுப்பு நிறம்தான் அதன் வயது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அந்தக் காசு செத்தது. இது பற்றி எங்கள் நாணயச் சங்கத்தில் நானே இருமுறை உரையாற்றியிருக்கிறேன். தொகுப்பு முழுவதும் எனக்குத்தான் என்று அண்ணன் பலமுறை சொல்லியிருப்பது உங்களுக்கும் தெரியும். ஆல்பத்தை அப்படியே ஒரு துணியில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். சங்கத்தின் கண்காட்சிக்கு வைக்க வேண்டும்.

விடுப்புக் கிடைப்பது கடினம். பார்க்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

உங்கள் அண்ணன் இந்த மாதம் ஆறாம் தேதி காலை ஏழே காலுக்குப் போய்விட்டார். நான் குதிகாலுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். கால் கனத்தது. அவ்வளவுதான்.

உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் மனைவி எடுத்தாள். "மீட்டிங்ல இருக்காரு அக்கா, வந்ததும் சொல்றேன்" என்றாள். மூன்று நாள் மீட்டிங் போலிருக்கிறது. அத்தனை நாள் உட்கார்ந்து பேசினால் நாற்காலிக்கே புண் வந்திருக்கும். அப்புறம் ஒரு கார்டு வந்தது. முதல் வரி ஆழ்ந்த இரங்கல். ரெண்டாவது வரி எல்லாம் விதி. மூன்றாவது வரி, ஆல்பம் பத்திரமா. அதையாவது ஒரு வாரம் கழித்துத் தனிக் கார்டில் கேட்டிருக்கலாம். கார்டைச் சிக்கனம் பண்ணியிருக்கிறீர்கள்.

மார்ச் மாதம் அவர் சிரித்தது எதற்கு என்று இப்போது புரிகிறது. முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் கேட்பது காசை என்று. நான் பெரிய பெருமையாக "பாத்தீங்களா, உங்க தம்பி உங்க முதுகைப் பத்தி எப்படிக் கேட்டிருக்காருன்னு" என்று சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தலையாட்ட வரும். இல்லை என்று ஒரு ஆட்டு ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. நான் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். உங்கள் கடிதம் வந்த பிறகும் நான் அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அப்படியே ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தார்.

போனில் கேட்காமல் ஏன் கார்டில் கேட்டீர்கள் என்றும் புரிகிறது. போனில் கேட்டால் அவர் குரலைக் கேட்க வேண்டியிருக்கும்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். திறந்தேன். திறக்காதே என்று நீங்கள் சொல்லாமல் இருந்தால் அது பீரோ மேலேயே கிடந்திருக்கும்.

குப்பென்று ஒரு வாடை, புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி. ஒவ்வொரு பக்கமும் மெத்து மெத்தென்று வேர்த்துப்போய் இருந்தது. காசுகள் மேலெல்லாம் பச்சையாகச் சளி. அதில் ஒரு உறையை மட்டும் வெட்டி லேப்புக்கு எடுத்துப் போனேன். நான் அங்கே கண்ணாடிக் குடுவை கழுவுகிறவள் என்று உங்கள் வீட்டாரிடம் சொல்லக் கூச்சப்படுவீர்கள், பரவாயில்லை. தண்ணீர் சோதிக்கிற மேடம் ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கச் சுடவைத்து, அந்த உறையில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டினார். நெருப்பு பச்சையாக எரிந்தது. "காசு மேல தப்பில்லைம்மா. பச்சையா எரிஞ்சா குளோரின் இருக்குன்னு அர்த்தம். இந்த மெத்து பிளாஸ்டிக்தான் வேர்த்து வேர்த்துச் செம்பைத் தின்னுது. யாரு வாங்கிக் குடுத்தா இதை?" என்றார்.

யார் என்று சொன்னேன்.

ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது வருஷம் முன்னால் நீங்கள்தான் இந்த ஆல்பத்தைப் பரிசு என்று கொண்டுவந்தீர்கள். அதுவரை அவர் காசுகளைக் காகிதத்தில் மடித்து, மோட்டார்க் கம்பி வருகிற அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். "என்ன அண்ணே, மளிகைக் கடை மாதிரி வச்சிருக்கே" என்று கேலி செய்தீர்கள். நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நூற்றுப் பதினோரு காசையும் நீங்களே அடுக்கி முடித்திருந்தீர்கள். அந்தக் காகிதத்தில் இருந்தவரை ஒன்றுகூடப் பச்சை பூத்ததில்லை.

புளி போடமாட்டேன், பயப்படாதீர்கள். இந்தச் சளிக்கு நாங்கள் லேப்பில் குடுவை கழுவுகிற அசிட்டோனே போதும் என்று மேடம் சொன்னார். பதினாறு வருஷமாக என் கை அதில்தான் நனைகிறது.

அண்ணி


மே 6

அண்ணிக்கு,

உங்கள் துக்கத்தில் எழுதிய சொற்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அசிட்டோன் பற்றி எழுதியிருப்பது என்னை அதிர வைக்கிறது. பாட்டில் கழுவுவது வேறு, நாணயம் வேறு. தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். குறிப்பாக மூன்றாம் பக்கம், கடைசி உறை, கப்பல் காசு. அது வேறு கலவைச் செம்பு. அசிட்டோன் பட்டால் நிறம் போய்விடும். அதை மட்டும் கண்டிப்பாகத் தொடாதீர்கள். மற்றவை எப்படியோ போகட்டும்.

சட்டப்படியும் அவை என்னைச் சேர வேண்டியவை என்பதை நினைவூட்டுகிறேன். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

தம்பி


ஜூன் 2

நாணயச் சங்கத்தில் உரையாற்றுகிற தம்பிக்கு,

நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று, முடித்துவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். அடுத்த உரைக்கு உதவும்.

நல்ல வெளிச்சத்தில், ஜன்னல் ரெண்டையும் திறந்துவைத்து, வீட்டில் நெருப்பே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். மூடி போட்ட கண்ணாடித் தட்டு ரெண்டு. பிளாஸ்டிக் கிண்ணம் ஆகாது, அதுவும் கரைந்து சேர்ந்துகொள்ளும். காசை விளிம்பில் பிடித்து முதல் தட்டில் இறக்கி மூடிவிடுவேன். தேய்ப்பதே இல்லை. இண்டு இடுக்கில் நிற்பதை மரப் பல்குச்சியால் மெல்ல நெம்புவேன். பிறகு புது அசிட்டோன் இருக்கிற ரெண்டாவது தட்டு. எடுத்து லேப்பின் வடிதாள் மேல் வைத்தால் ஊதுமுன் காய்ந்துவிடும். சளி முழுக்கப் போய்விட்டது. பழுப்பு அப்படியே இருக்கிறது, நீங்கள் சொன்ன வயது ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஏழெட்டில் மட்டும் பச்சை கட்டியாக நிற்கிறது, அவை எண்ணெயில் ஊறுகின்றன. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார் மேடம். எனக்கு என்ன அவசரம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்ட ஆள் இல்லை.

ஒவ்வொன்றாக முகம் தெரிந்தது. அவர் வைத்த பேரெல்லாம் ஞாபகம் வந்தது. மூக்குத் தேய்ந்த ராணி. "உன்னை மாதிரியே முறைக்கறா பாரு" என்பார். தாடிக்காரன். ரெண்டு தலையும் ஒரே பக்கம் விழுந்த கோளாறுக் காசு. அவற்றோடு பேசிக்கொண்டேதான் கழுவினேன்.

மூன்றாம் பக்கம் கடைசி உறைக்கு வந்தேன். மற்றவை எப்படியோ போகட்டும் என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த வரியைத்தான் நாலு தடவை படித்தேன். நூற்றுப் பத்துக் காசு எப்படியோ போகட்டும் என்கிறவர் ஒரு காசுக்கு மட்டும் ஏன் இப்படித் துடிக்கிறார் என்று தோன்றியது. அதையும் நனைத்தேன்.

மூடி போட்ட கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க டீ நிறம். எடுத்துப் பார்த்தால் காசு வெள்ளை. ஈயக் குண்டு மாதிரி. மேலே பூசியிருந்த பழுப்புச் சாயம் அத்தனையும் தட்டில். வேறு கலவைச் செம்புதான், தம்பி. செம்பே இல்லாத கலவை.

அந்தக் கப்பல் காசு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவர் மோட்டார் சுற்றுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். எரிந்துபோன பழைய பம்ப் மோட்டாரைப் பிரித்தபோது, ஆடாமல் இருக்க யாரோ அடியில் முட்டுக் கொடுத்திருந்தது. அதிலிருந்துதான் இந்தச் சேர்க்கிற பைத்தியமே பிடித்தது. முப்பது வருஷம் செம்புக் கம்பி சுற்றின கை அது. அந்தக் கையில் ஈயத்தை வைத்துவிட்டுப் போனால் தெரியாது என்று நினைத்திருக்கிறீர்களே, அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது.

அவருக்குத் தெரியும். உறைக்குள் காசுக்குப் பின்னால் ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தார். எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்கிற கடைச் சீட்டு. நீங்கள் வந்துபோன அதே வாரத்துத் தேதி. அவர் எழுத்திலேயே சொல்கிறேன்: "கப்பலைத் தம்பி எடுத்துப் போயிருக்கிறான். கேட்கவில்லை. கேட்டால் வரமாட்டான்."

கேட்கவில்லை. அப்படியும் நீங்கள் வரவில்லை.

நான் பைத்தியக்காரி. தம்பிக்குப் பெரிய உத்தியோகம், லீவு கிடைக்காது என்று தையல்காரம்மாவிடம் உங்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய அதிகாரி, கட்டைவிரல் நகத்தளவு காசுக்குப் பயந்துகொண்டு ஒன்பது வருஷம் ஒளிந்திருக்கிறீர்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் முதுகையும் பார்க்க வரவில்லை.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. எல்லாம் தம்பிக்குத்தான் என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் வீட்டில் திருடியிருக்கிறீர்கள். "அண்ணே, இதைக் குடு" என்றால் துடைத்துக் கையில் கொடுத்திருப்பார். உங்களுக்கு வர வேண்டியதை நீங்களே திருடி, அந்த இடத்தில் ஈயத்தை வைத்து, அதைத் திரும்ப வாங்கப் பதிவுத் தபாலுக்கு அலைகிறீர்கள். திருடுவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும்.

ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள் உண்டு என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். நாணயம் என்றாலும் ரெண்டு பொருள்தான். சங்கத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

அவர் கடைசியாக எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னது, போவதற்கு நாலு நாள் முன்னால். பீரோவைக் காட்டி, "தம்பி... வந்தா... குடு." அந்த வார்த்தையை நான் மாற்றமாட்டேன். உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பது என் யோசனை இல்லை, அவர் வார்த்தை. வந்தால் நூற்றுப் பத்தும் தருகிறேன். கப்பலைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். ஆனால் வர வேண்டும். கார்டில் இல்லை, வக்கீல் நோட்டீஸில் இல்லை. அந்தக் கட்டில் பக்கத்தில் வந்து நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வெள்ளைக் கப்பலை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்காட்சியில் வையுங்கள். நன்றாகக் கழுவியிருக்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 19

நாணயச் சங்கக்காரருக்கு,

ஜூலை முதல் வாரமே தபால் உறை வந்தது. அனுப்பினவர் பேர் இல்லை, கடிதம் இல்லை. காசு மட்டும். தபால்காரர் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ள சட்டைப் பட்டனா?" என்றார். ஆமாம் என்றேன்.

கப்பலை நீங்களும் அதே மெத்து பிளாஸ்டிக் உறையில்தான் ஒன்பது வருஷம் வைத்திருந்திருக்கிறீர்கள். திறக்கும்போதே அந்தச் செருப்புக் கடை வாடை. எங்கள் ஆல்பத்தை விட மோசம். ஒரு பக்கம் முழுக்கப் பச்சைச் சளி. எடுத்து ஒருதடவை காற்றில் வைத்துப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று தெரிகிறது. எப்படிப் பார்ப்பீர்கள். திருடி எடுத்துப் போனதைப் பூட்டித்தானே வைக்க முடியும். ஊருக்கெல்லாம் உரை, உள்ளுக்குள் அழுகல்.

மேடத்திடம் காட்டினேன். "இதுவும் அந்தத் தம்பியா?" என்றார். பாவம், அவருக்கே அலுத்துவிட்டது.

ரெண்டு தட்டு பத்தவில்லை, நாலு தட்டு மாற்றினேன். அப்புறம் எண்ணெயில் ஆறு வாரம். வாரம் ஒருநாள் குச்சியால் நெம்பினேன். நேற்றுத்தான் எடுத்தேன்.

அவர் சொன்னது, வந்தால் கொடு என்று. வந்தது கப்பல். நீங்கள் இல்லை. இப்போது நூற்றுப் பதினொன்றும் இங்கே இருக்கின்றன. வடிதாளில் மடித்து, அவர் கம்பி வாங்கின அதே அட்டைப் பெட்டியில், அவர் அடுக்கின வரிசையிலேயே வைத்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்தவில்லை. பெட்டி அதன் மேல்தான் இருக்கிறது.

களிம்பு எப்படி இருக்கிறது என்று மார்ச் மாதம் கேட்டிருந்தீர்கள். அப்போது தப்பாகப் புரிந்துகொண்டு ஏதோ எழுதிவிட்டேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். பின்பக்கம் மட்டும்தான். முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது, பாய்மரம்கூடத் தெரிகிறது. களிம்பு முழுக்கப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது. அது ஆறாது.

இப்படிக்கு,
அவர் மனைவி